மேடையேறிய பாடங்கள்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலை வேளையில், நம் பங்கைச் சேர்ந்த தந்தை ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். "தோத்திரம், சாமி" என்று கைகூப்பியவர், அமரச் சொல்லியும் அமராமல், நின்றபடியே பேசத் தொடங்கினார்.

"சாமி குறையாக நினைக்கக் கூடாது. பிள்ளை ஏழாம் வகுப்பு. கணக்கில் பின்தங்கிக் கிடக்கிறாள். பள்ளி விட்டதும் நாடக ஒத்திகை என்று நாள்தோறும் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. ஆட்டமும் பாட்டும் நாளைக்கு அவளுக்குச் சோறு போடுமா? அவள் பெயரை எடுத்துவிடுங்கள், சாமி."

அவர் கொத்தனார். நாளெல்லாம் வெயிலில் நின்று, பிறர் வீட்டுச் சுவர்களை எழுப்பிப் பிழைப்பவர். தமக்குக் கிட்டாத கல்வி தம் மகளுக்காவது கிட்ட வேண்டும் என்னும் ஏக்கம் அவர் குரலில் தெரிந்தது. நாமோ, "கலையும் பிள்ளைகளுக்கு வேண்டுமல்லவா?" என்று ஏதோ பொதுவாகச் சொல்லிவைத்தோம். அவர் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் முதல் சிறுமி ஒத்திகைக்கு வரவில்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நாம் கூறியதோ நியாயமான விடையன்று. ஓர் ஏழைத் தந்தை தம் மகளின் ஒரு மணி நேரத்திற்குக் கணக்குக் கேட்கிறார் என்றால், அந்த ஒரு மணி நேரத்தில் அவள் எதைக் கற்கிறாள் என்று எண்ணிக் காட்ட வேண்டிய கடமை நமக்கு உண்டு. அன்று செலுத்தாத அந்தக் கடனை இன்று இப்பக்கங்களில் செலுத்த முயல்கிறோம். அன்புப் பெற்றோரே, உங்கள் வீட்டிலும் இதே கேள்வி எழுந்திருக்கக்கூடும். ஆகவே, சற்றுப் பொறுமையோடு எம்முடன் வாருங்கள்.

ஒரு கடற்கரை ஆலயத்தில்

பொதுவாகப் பேசுவதை விடுத்து, உண்மையில் நடந்த ஒன்றைச் சான்றாக எடுத்துக்கொள்வோம். நம் பிள்ளைகள் அன்று ஒத்திகை பார்த்தது நோவாவின் கதை. அதை இசை நாடகமாக்கும் எண்ணத்தை நமக்குத் தந்தது, இங்கிலாந்தில் சிறுவர் சிறுமியருக்கென்றே இயற்றப்பட்ட ஒரு நாடகம்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் சஃபோக் என்னும் பகுதி உள்ளது. அங்கே ஓர்ஃபோர்டு என்னும் சிற்றூரில் புனித பர்த்தலமேயு ஆலயம் நிற்கிறது. 1958-ஆம் ஆண்டு சூன் மாதம் 18-ஆம் நாள், அவ்வாலயத்தில் 'நோயஸ் ஃப்ளட்' என்ற இசை நாடகம் முதன்முறையாக நிகழ்த்தப்பட்டது. 'நோவாவின் வெள்ளம்' என்பது அதன் பொருள். இயற்றியவர் பெஞ்சமின் பிரிட்டன் (1913–1976). அதே கரையில் பிறந்து, அதே கரையில் வாழ்ந்த பெரும் இசைமேதை.

அந்நாடகத்தில் நோவா, அவர் மனைவி, விண்ணிலிருந்து ஒலிக்கும் இறைவனின் குரல் ஆகிய மூன்று பங்குகளே வளர்ந்தோருக்கு உரியவை. நோவாவின் புதல்வர், மருமக்கள், பேழைக்குள் நுழையும் விலங்குகள், பறவைகள் ஆகிய பங்குகள் எல்லாம் இளையோருக்கே ஒதுக்கப்பட்டன. இசைக்குழுவிலும் தேர்ந்த கலைஞர் ஒரு சிலரைச் சுற்றிப் பெருங்கூட்டமாக அமர்ந்திருந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளே. ஆலயத்தில் கூடியிருந்த மக்களும் வெறுமனே பார்த்திருக்கவில்லை. நாடகத்தின் இடையே வரும் மூன்று திருப்பாடல்களை எழுந்து நின்று அவர்களும் பாடினார்கள்.

இந்த ஒரு நாடகத்தை மேடையேற்ற ஒரு பிள்ளை எவற்றையெல்லாம் அறிய வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மொழியும் வரலாறும்

முதலில் மொழி. பிரிட்டன் இந்நாடகத்திற்கெனப் புதிதாக உரையாடல் எழுதுவிக்கவில்லை. செஸ்டர் என்னும் நகரில் பல நூறு ஆண்டுகளுக்கு முன் நடிக்கப்பட்ட விவிலிய நாடகத்தின் சொற்களையே எடுத்தாண்டார். நம் பிள்ளைகளுக்குப் பழந்தமிழ்ச் செய்யுள் எப்படியோ, அப்படியே ஆங்கிலப் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய ஆங்கிலம். எழுத்துக்கூட்டலே வேறு; சொற்களும் வழக்கொழிந்தவை. நூலில் படித்தால் இரண்டு வரிகளில் சலித்துப்போகும். ஆனால், 'இச்சொல்லுக்கு என்ன பொருள்?' என்று தெரியாமல் அதைச் சினத்தோடு சொல்வதா, சிரிப்போடு சொல்வதா என்று நடிப்பவருக்குத் தெரியாது. பொருளைத் தேடாமல் நடிக்க வழியில்லை. பேழைக்குள் வரமாட்டேன் என்று நோவாவின் மனைவி அடம்பிடித்து, தோழியரோடு வம்பளந்துகொண்டிருக்கும் காட்சி ஒன்று அதில் உண்டு. அந்த நகைச்சுவை புரிந்துவிட்ட பிள்ளைக்குப் பழைய மொழி இனி அந்நிய மொழியாக இராது.

விலங்குகள் கூட்டம் கூட்டமாகப் பேழைக்குள் செல்லும்போது அவை பாடுவது, 'கீரியே எலேயிசோன்' என்னும் மன்றாட்டு. 'ஆண்டவரே, இரக்கமாயிரும்' என்று நாம் திருப்பலியில் சொல்வதன் கிரேக்க மூலம் அது. எலியாக வேடமிட்ட ஒரு சின்னஞ்சிறு பிள்ளை கிரேக்க மொழியில் இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறது. அதன் பொருளையும் அறிந்துகொள்கிறது.

அடுத்து வரலாறு. செஸ்டர் நகரில் இந்த விவிலிய நாடகங்களை நடித்தவர்கள் அந்நகரின் தொழிற்சங்கத்தினர். முற்காலத்தில் நற்கருணைப் பெருவிழாவை ஒட்டியும், பின்னர் தூய ஆவியார் பெருவிழா வாரத்திலும், சக்கரம் பூட்டிய மேடைகளைத் தெருத்தெருவாக இழுத்துச் சென்று நடித்தார்கள். ஒவ்வொரு தொழிலாரும் ஒரு கதையை ஏற்றுக்கொண்டார்கள். வெள்ளத்தின் கதை யாருக்கு உரியது தெரியுமா? டீ என்னும் ஆற்றிலிருந்து நீர் முகந்து நகருக்குச் சுமந்து விற்றவர்களுக்கு! யார்க் நகரிலோ பேழை கட்டும் காட்சியை நடித்தவர்கள் கப்பல் கட்டும் தச்சர்கள். செஸ்டரில் 1575-ஆம் ஆண்டிற்குப் பின் இந்நாடகங்கள் நின்றுபோயின. ஏன் நின்றன என்று கேட்கும் மாணவனுக்கு ஆசிரியர் விடை சொல்லப் புகுந்தால், இங்கிலாந்தின் சமய மாற்ற வரலாறு முழுவதையுமே சொல்ல வேண்டிவரும்.

பிரிட்டன் இதற்கு முன்னரும் சிறுவருக்கென ஓர் இசை நாடகம் இயற்றியிருந்தார். 1949-ஆம் ஆண்டு, ஆல்பரோ என்னும் கடற்கரை ஊரில் அது அரங்கேறியது. அதன் முற்பகுதியில் பிள்ளைகளும் பெரியோரும் சேர்ந்து, ஒரு நாடகத்தை எழுதி, ஒத்திகை பார்ப்பதே கதை. பிற்பகுதியில் அந்த நாடகம் மேடையேறும். அதன் பெயர் 'புகைபோக்கிச் சிறுவன்' என்று பொருள்படும். 1810-ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்த கதை அது. வறுமையால் தந்தையே விற்றுவிட்ட சாம் என்னும் சிறுவன், மாளிகையின் புகைபோக்கிக்குள் ஏறிக் கரி துடைக்கையில் சிக்கிக்கொள்கிறான். அவ்வீட்டுப் பிள்ளைகள் அவனைக் காப்பாற்றிப் பெட்டிக்குள் ஒளித்து வெளியேற்றுகிறார்கள்.

இங்கிலாந்தில் 21 வயதுக்கு உட்பட்டோரைப் புகைபோக்கியில் ஏற்றக் கூடாது என்று 1840-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆயினும் அது சரிவரப் பின்பற்றப்படவில்லை. 1875-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே அக்கொடுமை ஓய்ந்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் தேர்வுக்கென மனப்பாடம் செய்த பிள்ளை, தேர்வு முடிந்ததும் மறந்துவிடலாம். கரி பூசிய முகத்தோடு சாமாக நின்று அழுத பிள்ளை, சட்டம் ஒன்று எழுதப்படுவதற்கும் கடைப்பிடிக்கப்படுவதற்கும் இடையே 35 ஆண்டுகள் எத்தனை சிறுவர்கள் புகையில் இருமியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கும்.

கணக்கு

நம் கொத்தனார் அன்பர் கவலைப்பட்டது கணக்கைப் பற்றி. அதற்கு வருவோம்.

பேழையின் அளவைத் தொடக்க நூல் ஆறாம் அதிகாரம் தருகிறது: நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம். ஒரு முழத்தை ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் எனக் கொண்டால், நீளம் 135 மீட்டர், அகலம் 22.5 மீட்டர், உயரம் 13.5 மீட்டர். இது பெருக்கல். இனி, நம் மேடையில் 6 மீட்டர் நீளத்திற்குத்தான் இடமிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே விகிதத்தில் பேழையைக் கட்டினால் அகலம் ஒரு மீட்டர். உயரமோ 60 சென்டிமீட்டர்! அதற்குள் நோவா எப்படி நிமிர்ந்து நிற்பார்? ஆட்டுக்குட்டி வேண்டுமானால் நிற்கலாம். ஆகவே, எதை விகிதப்படி வைப்பது, எதை மாற்றுவது என்று பிள்ளைகள் கூடிப் பேசி முடிவெடுத்தாக வேண்டும். கரும்பலகையில் எழுதிய விகிதக் கணக்கில் தவறினால் சிவப்பு மையில் ஒரு சுழி விழும். மேடையில் தவறினால் நோவாவின் தலை இடிக்கும். இரண்டாவதை எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை.

இசையும் ஒரு கணக்கே. ஒரு பிள்ளை தன் கருவியை ஒலிக்க வேண்டிய நேரம் வரும்வரை, பிறர் வாசிக்கையில் தாளத்தை எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நாலு நாலாக எட்டு முறை எண்ணுவதா, மூன்று மூன்றாகப் பத்து முறை எண்ணுவதா என்பது பாட்டைப் பொறுத்தது. ஒரு தாளம் முந்தினாலும் பிந்தினாலும் பாட்டுச் சிதையும். பிரிட்டனின் நாடகத்தில் புயற்காட்சி முழுவதும், ஒரே அடிப்படை இசைத்தொடர் அடியில் திரும்பத் திரும்ப ஒலிக்க, அதன்மேல் மழை, காற்று, இடி, அலை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து வளர்கிறது. எத்தனையாவது சுற்றில் தன் முறை வரும் என்று எண்ணத் தெரியாத பிள்ளை அங்கே மழையாகவும் முடியாது, இடியாகவும் முடியாது.

சமையலறையில் பிறந்த மழை

அறிவியலுக்கு வருவோம். மழை தொடங்கும்போது விழும் முதற்சில துளிகளின் ஓசை பிரிட்டனுக்குத் தேவைப்பட்டது. அதை எந்தக் கருவியில் எழுப்புவது என்று அவர் தேடினார். அவருக்கு உதவியாளராக இருந்தவர் இமோஜென் ஹோல்ஸ்ட் அம்மையார்; இசையறிஞர் குஸ்தாவ் ஹோல்ஸ்டின் மகள். போர்க்காலத்தில் கிராமத்துப் பெண்களுக்குத் தாளம் கற்பித்த பழக்கம் அவருக்கு இருந்தது. அவர் பிரிட்டனைத் தம் சமையலறைக்கு அழைத்துச் சென்று, ஒரு கயிற்றில் பீங்கான் குவளைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, பெரிய மரக்கரண்டியால் தட்டிக் காட்டினார். டிங், டிங் என்று துளிகள் விழுந்தன! அந்தச் சமையலறை மழையே நாடகத்தில் இடம்பெற்றது.

இதில் எத்தனை பாடங்கள் அடங்கியுள்ளன என்று பாருங்கள். குவளையைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு தட்டினால் ஓசை அமுங்கிவிடுகிறது. கயிற்றில் தொங்கவிட்டால் கணீரென்று ஒலிக்கிறது. ஏன்? ஒலி என்பது அதிர்வு. பிடித்த கை அந்த அதிர்வைத் தடுக்கிறது. எல்லாக் குவளைகளும் ஒரே சுருதியில் ஒலிப்பதில்லை. அளவும் கனமும் வடிவமும் மாறினால் சுருதியும் மாறுகிறது. நம் நாட்டு ஜலதரங்கத்தில் கிண்ணத்தில் நீரைக் கூட்டினால் சுருதி தாழ்வதையும் இதனோடு ஒப்பிட்டுக் காட்டலாம். பேழையிலிருந்து பறந்து செல்லும் புறாவுக்கு ஒரு குழலின் படபடப்பு, வானவில்லுக்குக் கைமணிகள். காற்றுக்குழல் எப்படி ஒலிக்கிறது, மணி எப்படி ஒலிக்கிறது என்ற வேறுபாட்டை இதைவிட எளிதாக விளக்க முடியுமா?

இன்னொன்று. விலங்குகள் ஆலயத்தின் பின்புறமிருந்து, மக்களின் நடுவே நடந்து வருகின்றன. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். அப்படியானால் 34 மீட்டருக்கு அப்பாலிருந்து பாடுகிறவரின் குரல் நம்மை வந்தடைய ஒரு நொடியில் பத்திலொரு பங்கு ஆகும். காதால் கேட்டுப் பாடினால் தாளம் பிந்திவிடும்; ஆகவே, இசை நடத்துநரின் கையைக் கண்ணால் பார்த்தே பாட வேண்டும். 'ஒலியைவிட ஒளி விரைவானது' என்னும் வாக்கியத்தைப் பிள்ளை தன் காதாலும் கண்ணாலும் மெய்ப்பித்துவிடுகிறது.

அந்தக் கரையின் நினைவு

புவியியலை விட்டுவிடலாகாது. 1953-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் இரவு, வடகடலில் எழுந்த பெரும்புயல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையையும் நெதர்லாந்து நாட்டையும் தாக்கியது. வடமேற்குச் சூறைக்காற்று, தெற்கே குறுகிச் செல்லும் அக்கடலுக்குள் நீரைத் தள்ளியது. காற்றழுத்தக் குறைவால் நீர்மட்டம் மேலும் எழுந்தது. முழுநிலவை ஒட்டிய பேரலை ஏற்றமும் அதனோடு சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தில் 307 பேரும், நெதர்லாந்தில் 1,836 பேரும் உயிரிழந்தனர். ஆல்பரோவில் கடற்கரையை நோக்கியிருந்த பிரிட்டனின் வீட்டிலும் நீர் புகுந்தது.

1958-இல் பன்னிரண்டு வயதாயிருந்த சிறுவனுக்கு அந்த இரவில் ஆறேழு வயது இருந்திருக்கும். வெள்ளம் என்பது அக்கரையில் ஏட்டில் மட்டும் உள்ள சொல்லாக இருந்ததில்லை. புயற்காட்சியின் உச்சத்தில், கடலில் இடருறுவோருக்காக மன்றாடும் திருப்பாடலை ஆலயம் முழுவதும் எழுந்து பாடும்படி அந்நாடகம் அமைந்துள்ளது. காற்று, அழுத்தம், அலை ஏற்றம் என்னும் பாடம் தம் ஊர் மக்களின் துயரோடும் மன்றாட்டோடும் அங்கே இணைந்து நின்றது.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலையும், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையையும் கண்ட நம் கடற்கரைப் பங்குகளுக்கு இதைப் பற்றி நாம் விளக்கவும் வேண்டுமோ?

எல்லாருக்கும் ஓர் இடம்

இந்நாடகத்தில் நம்மை மிகவும் கவர்ந்தது வேறொன்று. வயலின் வாசிக்கும் பிள்ளைகளைப் பிரிட்டன் மூன்று பிரிவாக வைத்து எழுதினார். முதற்பிரிவு நன்கு தேறியவர்களுக்கு. மூன்றாம் பிரிவோ அண்மையில்தான் கற்கத் தொடங்கியவர்களுக்கு. தந்தியில் விரலே வைக்காமல், வெறுந்தந்தியில் வில்லை இழுத்தாலே போதும். அந்த எளிய ஒலியும் புயலுக்குத் தேவையாக இருக்கும்படி அவர் அமைத்தார். தொடக்க நிலையில் உள்ள பிள்ளையை இரக்கத்திற்காகச் சேர்த்துக்கொள்வது வேறு. அப்பிள்ளை இல்லாவிட்டால் குறைதோன்றும்படி இடமளிப்பது வேறு. பின்னதே கல்வி.

மேடையின் இரகசியமே இதில் அடங்கியுள்ளது என்று நாம் நம்புகிறோம். வகுப்பறையில் ஒரு பிள்ளை பாடத்தைத் தவறவிட்டால் இழப்பு அப்பிள்ளைக்கு மட்டுமே. மேடையில் ஒருவர் தவறினால் மற்றவர் தடுமாறுவர். தன் அறிவு பிறருக்குத் தேவைப்படுகிறது என்று உணர்ந்த பிள்ளை, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். மொழியும் கணக்கும் அறிவியலும் வரலாறும் தனித்தனிச் சுவடிகளாகக் கட்டிக்கிடந்தது போய், ஒரே காரியத்திற்காக ஒன்றையொன்று கைகோத்து நிற்கின்றன.

அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் வெஸ் ஆண்டர்சன், சிறுவயதில் தம் அண்ணனோடு இதே நாடகத்தில் பங்கேற்றவர். 2012-இல் வெளிவந்த தம் 'மூன்ரைஸ் கிங்டம்' என்னும் படத்தில் இந்நாடகத்தையே அவர் கதையின் நடுவே வைத்தார். சிறுவயதில் மேடையில் கற்றது எத்தனை காலம் உள்ளத்தில் நிற்கும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மதிப்பெண் கூடுமா?

"எல்லாம் சரி, சாமி. தேர்வில் மதிப்பெண் கூடுமா?" என்று நீங்கள் கேட்பது நமக்குக் கேட்கிறது. இதற்கு மழுப்பாமல் விடை கூறுவோம்.

எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், கலைக்கல்வியைப் பற்றி அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்து, 2000-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். வகுப்பறையில் கதைகளை நடித்துப் பார்க்கும் பிள்ளைகளின் மொழித்திறன் உண்மையாகவே வளர்கிறது என்பதற்கு அவர்கள் உறுதியான சான்று கண்டனர். நடித்த கதையில் மட்டுமன்று, நடிக்காத புதிய பாடங்களைப் புரிந்துகொள்வதிலும் அப்பயன் தென்பட்டது. ஆனால், பள்ளியில் பல கலைகளைப் பயில்வதால் மட்டுமே மொழிப்பாடத்திலும் கணக்கிலும் பொதுவாக மதிப்பெண் உயர்ந்துவிடும் என்பதற்கு அத்தகைய சான்று கிடைக்கவில்லை என்றும் அவர்கள் நேர்மையோடு கூறினர்.

இதன் பொருள் என்ன? நாடகம் மந்திரக்கோல் அன்று. பேழையின் விகிதத்தை ஆசிரியரே கணக்கிட்டு, தச்சரிடம் கொடுத்துவிட்டால், பிள்ளை கணக்குக் கற்காது. குவளை ஏன் ஒலிக்கிறது என்று எவரும் கேட்காவிட்டால், அது வெறும் ஓசையோடு முடிந்துவிடும். பாடம் மேடையில் காத்திருக்கிறது. அதைத் திறந்து காட்ட ஆசிரியர் வேண்டும்.

இவ்வகையில் நாமும் தவறியிருக்கிறோம். முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில், ஆண்டுவிழா நாடகத்திற்குப் பாடல்களை ஒலிப்பதிவாக வாங்கி வந்தோம். உடைகளை வாடகைக்கு எடுத்தோம். வண்ணத்திரையை ஓவியர் ஒருவர் எழுதித் தந்தார். நன்றாகப் பேசும் ஐந்தாறு பிள்ளைகளுக்கே எல்லாப் பங்கும் சென்றது. ஏனையோர் பின்னால் நின்று வாயசைத்தனர். விழா வெகு சிறப்பு என்று அனைவரும் பாராட்டினர். மறுவாரம் ஒரு மாணவனிடம், "நாடகத்தில் என்ன கற்றாய்?" என்று கேட்டோம். "வேர்த்தது, சாமி" என்றான். அவன் மேல் குற்றமில்லை.

செய்யத்தக்கவை சில

ஆசிரியப் பெருமக்களே, நாடகத்தைத் தேர்வு நெருங்கும் மாதத்தில் வைக்காதீர்கள். கல்வியாண்டின் முற்பகுதியில் வையுங்கள். கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரோடு அமர்ந்து, தத்தம் பாடத்திலிருந்து ஒவ்வொரு பணியை நாடகத்தில் சேர்க்கட்டும். உடைக்கு எத்தனை மீட்டர் துணி, என்ன செலவு என்று பிள்ளைகளே கணக்கெழுதட்டும். பாடல்களின் சில அடிகளையேனும் அவர்களே இயற்றட்டும். எந்தப் பிள்ளையையும் வெறுமனே நிற்க வைக்காதீர்கள்.

பெற்றோரே, ஒத்திகை முடிந்து வரும் பிள்ளையிடம், "உன் பங்கு எவ்வளவு பெரிது?" என்று கேட்காதீர்கள். "இன்று எது சரியாக வரவில்லை? அதை எப்படிச் சரிசெய்தீர்கள்?" என்று கேளுங்கள். விடையைக் கேட்டபின், அந்த ஒரு மணி நேரம் வீணா, வீணில்லையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். வீண் என்று கண்டால், வந்து சொல்லுங்கள். அப்போது குற்றம் எம்முடையதாகத்தான் இருக்கும்.

இனி, அந்தச் சிறுமியின் கதை. நம் நாடகத்தில் அவள் குவளை தட்டும் குழுவில் இருந்தாள். நோவா பேழையின் கதவை அடைத்தபின், முரசு பதினாறு தாளம் ஒலிக்க வேண்டும். பதினேழாம் தாளத்தில் முதல் மழைத்துளி விழ வேண்டும். அதைத் தொடங்கி வைப்பது அவள் பொறுப்பு. அவள் நின்றுவிட்டதால், வேறொரு சிறுமி அவசரமாகக் கற்றுக்கொண்டாள்.

விழா நாளன்று தந்தையும் மகளும் மக்களோடு அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்வரிசையில் நாம் இருந்தோம். பேழையின் கதவு அடைபட்டது, முரசு தொடங்கியது. சிறுமி தந்தையின் முழங்கை மேல் ஒரு விரலால் மெல்லத் தட்டத் தொடங்கினாள். பதினாறு முறை தட்டினாள். பின்னர், "இப்போது மழை, அப்பா" என்றாள். மேடையில் அமைதி. ஒரு தாளம், இரண்டு தாளம் கழித்தே முதல் துளி விழுந்தது. தந்தை மேடையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும், ஆலய வாயிலில் அவர் நின்றிருந்தார். மகளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நாமும் கேட்கவில்லை. தலைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டே, "அடுத்த ஆண்டும் மழை உண்டா, சாமி?" என்று மட்டும் கேட்டார்.

உண்டு என்றோம்.